மண்புழுவின் குடலும் அதன் உறவுகளும்: கேள்வி பதில்

விடையளிப்பவர், வேலூரில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்.

குடியாத்தம், பிளஸ் ஒன் மாணவி: ஐயா, மண்புழுவின் அரைவைப்பை ஆறாவது கண்டத்தில் (உடல் வளையத்தில்) உள்ளது என்கிறது பாடநூல், நீட் கையேட்டில் எட்டாவது என்று இருக்கிறது. எதை எழுதுவது?

இரண்டுமே சரிதான் அம்மா, ஆனால் இரண்டும் வேறு வேறு புழுக்களைப் பற்றியவை. பாடநூலில் உள்ளது லாம்பிட்டோ மாரிட்டி. அதில் தொண்டை 3, 4ஆம் கண்டங்களிலும், உணவுக்குழல் ஐந்திலும், அரைவைப்பை ஆறிலும் அமைய, ஏழில் தொடங்கும் குடல் கடைசிக் கண்டம் வரை செல்கிறது. கையேட்டில் உள்ள ஃபெரிடிமாவிலோ அரைவைப்பை எட்டில் இருக்க, 9 முதல் 14 வரை இரைப்பையும் 15 முதல் குடலும் உள்ளன. பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வதால் வரும் குழப்பம் இது. விடையில் புழுவின் பெயரையும் எழுதுங்கள்.

அணைக்கட்டு, விவசாயி: பல் இல்லாத புழு சாணத்தையும் சருகையும் எப்படி அரைக்கிறது? உரத்தொட்டியில் மண் போட வேண்டுமா?

தொண்டை உறிஞ்சி உள்ளிழுத்த இரையை, தடித்த தசையும் உட்புறத்தில் கடினமான உறையும் கொண்ட அரைவைப்பை சுருங்கி விரிந்து நசுக்குகிறது. இரையோடு போன மணல்துகள்களே அங்கே அரைக்கும் கற்களாகின்றன. ஆகவே தொட்டியில் சிறிதளவு பொடிமண் தூவுவது நல்லதே.

அரைபட்டதிலும் சத்து குறைவு என்பதால், அதை உறிஞ்சக் குடலுக்குப் பரப்பு மிகுதியாக வேண்டும். குடலின் மேற்சுவர் நீளவாக்கில் உள்நோக்கி மடிந்து தொங்குகிறது. டிப்லோசோல் எனப்படும் இந்த மடிப்பில் இரத்தக் குழல்கள் உள்ளன. புழுவைக் குறுக்கே வெட்டிய சிலைடை நுண்ணோக்கியில் பார்த்தால், குடலின் வட்டத்துக்குள் மேலிருந்து ஒரு நாக்கு இறங்குவது போல அது தெரியும். பரப்பைப் பெருக்க இதைவிடச் சிக்கனமான வழியை நான் பார்த்ததில்லை.

காட்பாடி, கல்லூரி மாணவர்: புழுவை அறுத்துப் பார்க்கையில் குடலின் மேல் மஞ்சள் பூச்சு தெரிகிறது. அது கொழுப்பா, நோயா?

நோய் அல்ல. அவை குடற்சுவரின் வெளிப்புறத்தில், உடற்குழியை நோக்கி அமைந்த குளோரகோஜன் செல்கள். கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையையும் கொழுப்பையும் சேமிப்பதோடு நைட்ரஜன் கழிவுகளை உருவாக்குவதிலும் பங்கு கொள்வதால், நம் கல்லீரலின் வேலைகள் சிலவற்றை இவையே செய்கின்றன எனலாம். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் இவை கலைந்து நீர் கலங்கிவிடும். தோலை மட்டும் மேலோட்டமாகக் கீறித் திறவுங்கள்.

ஆற்காடு, ஆசிரியை: கரப்பான் பூச்சிக்கும் அரைவைப்பை உண்டே, இரண்டும் ஒன்றா?

வேலை ஒன்று, அமைப்பு வேறு. கரப்பானின் அரைவைப்பையில் கைட்டின் என்ற கடினப் பொருளால் ஆன 6 பற்கள் இருக்கின்றன. மண்ணை நம்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதன் முன்குடலும் பின்குடலும் உட்புறத்தில் கைட்டின் உறை கொண்டவை. தோலுரிக்கும்போது அந்த உறையும் உரிந்து வருகிறது என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். உறையற்ற நடுக்குடலின் தொடக்கத்தில் உள்ள 8 பைகள் செரிமானத்துக்கு உதவுகின்றன. அதன் முடிவில் மஞ்சள் நூல்களாகக் காணப்படும் மால்பிஜியன் குழல்களைச் செரிமான உறுப்பு என்று எழுதுவது தவறு. அவை கழிவு நீக்குபவை.

ராணிப்பேட்டை, வாசகர்: அட்டை ஒரு முறை குடித்த இரத்தத்தில் எப்படிப் பல மாதம் வாழ்கிறது?

கால்நடை அட்டையின் தீனிப்பை, அதாவது குடித்த இரத்தத்தைச் சேமிக்கும் பை, பக்கப்பைகள் கொண்ட 10 அறைகளாக இருப்பதால் நிறைய இரத்தம் கொள்கிறது. உறையாத அந்த இரத்தம் சிறிது சிறிதாகவே இரைப்பைக்குச் செல்கிறது.