சாட்சிக்கு ஒரு ‘ம்’ போதும்

கேள்வி: என் பக்கத்து இருக்கைத் தோழி, எங்கள் மேலாளரைப் பற்றி எப்போதும் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேனே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை. சிரித்திருக்கலாம். இப்போது நானும் சேர்ந்து பேசியதாக அவர் காதுக்குப் போய்விட்டது. முகம் கொடுத்துப் பேச மறுக்கிறார். நான் பேசவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: ‘சிரித்திருக்கலாம்’ என்று எழுதி, அதை அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஆளில்லாத அறையில் யாரும் புறம் பேசுவதில்லை. ‘உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்’ என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துகிறாள். நீங்கள் கணினியிலிருந்து கண்ணை எடுத்து ‘ம்’ என்கிறீர்கள். மறுநாள் அந்தக் கதை வேறொருவரிடம் போகும்போது, ‘அவளும் ஒத்துக்கொண்டாள்’ என்று உங்களையும் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போகிறது. (நானும் இப்படி ‘ம்’ கொட்டி மாட்டியவள்தான்.)

1998-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு வேடிக்கையான ஒன்றைக் காட்டியது. பிறரிடம் இருப்பதாக ஒருவர் சொல்லும் குணத்தை, கேட்பவர்கள் தங்களை அறியாமலே சொன்னவர்மீதும் ஏற்றிவிடுகிறார்களாம். உங்கள் தோழியின் பெயரும் அப்படி ஒன்றும் பத்திரமாக இல்லை. அது அவள் பாடு.

நிரூபிக்கும் வேலையை விட்டுவிடுங்கள். ‘நான் இல்லை, அவள்தான்’ என்று போய் நின்றால் அதுவும் கோள்தான். ‘உங்களைப் பற்றிப் பேசியபோது நானும் கேட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள்’ என்று மட்டும் மேலாளரிடம் சொல்லுங்கள். யார் பேசியது என்று நிச்சயம் கேட்பார். பெயரைச் சொல்லாதீர்கள். உடனே சமாதானம் ஆகிவிடுவார் என்று நான் உறுதி தர மாட்டேன்.

தோழியின் குறைகளில் உண்மையே இல்லையா? இருக்கலாம். வேலையைப் பாரபட்சமாகப் பிரித்துக் கொடுக்கிறார் என்றால் அது பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் அவர் எதிரிலேயே பேச வேண்டியது. நேரில் நின்று இரக்கமில்லாமல் பேசினாலும் பேசு, ஆள் இல்லாத இடத்தில் விளைவை எண்ணாமல் பேசாதே என்கிறது 184-வது குறள்.

அடுத்தமுறை நாற்காலி நெருங்கி வரும்போது உபதேசம் வேண்டாம். ‘இதை அவரிடமே சொல்லிவிடுவோம், நானும் வருகிறேன்’ என்று எழுந்து நில்லுங்கள். பெரும்பாலும் நாற்காலி தானாகவே பின்னால் நகர்ந்துவிடும்.