கரீபியன் கப்பல் பயணம்: ஏழு இரவுக்கு ஒரே ஒரு கைப்பெட்டி

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் போன்ற ஃப்ளோரிடா துறைமுகங்களில் ஏறி, கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா என்று தீவுகளைச் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் ஏழு இரவுப் பயணத்துக்கு எதை எடுத்துப் போவது, எதை வீட்டிலேயே விடுவது என்று வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஆளுக்கு ஒரு கைப்பெட்டி போதும் என்கிறார்கள். ஏழு நாளுக்கு அது எப்படிப் போதும்?

தாராளமாகப் போதும். 22 அங்குலச் சக்கரப்பெட்டி ஒன்று, முதுகில் மாட்டும் பை ஒன்று. காலையில் கரைக்கு ஒன்று, மத்தியானம் நீச்சல் குளத்துக்கு ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு 21 செட் எடுத்து வைக்கிறார்கள். பெட்டி வீங்குவது அங்கேதான். ராத்திரி இரண்டு மணி நேரம் ஏசி உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த சட்டை அழுக்காவதில்லை. மறுநாள் அதையே போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கலாம்.

ஒருவருக்கு என் கணக்கு இது: மேல்சட்டை 4, அரைக்கால்சட்டை அல்லது மெல்லிய பைஜாமா 2, முழுக்கால்சட்டை 1, விசேஷ இரவுக்கு ஒரு உடை, நீச்சலுடை 2, உள்ளாடை 5, இரவு உடை 1, மெல்லிய ஸ்வெட்டர் 1. விமானத்தில் உடுத்திப் போவதும் இதற்குள் அடக்கம். நீச்சலுடை மட்டும் கட்டாயம் இரண்டு வேண்டும். அறைக் குளியலறையில் ஜன்னல் கிடையாது, சாயங்காலம் நனைந்ததை அப்படியே தொங்கவிட்டால் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். ஈர நீச்சலுடையை மறுபடி போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்தால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும். ஸ்வெட்டர் கடற்காற்றுக்காக அல்ல. வெளியே வருடம் முழுக்கப் பகலில் 27 முதல் 31 டிகிரி வரை இருக்கும். உள்ளே தியேட்டரிலும் உணவுக்கூடத்திலும் ஏசி நடுக்கும்.

ஜீன்ஸை விட்டுவிடுங்கள். கனம், புழுக்கம், நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது.

கேள்வி: உள்ளாடை ஐந்துதான் என்றால் நடுவில் துவைக்க வேண்டுமே. கப்பலில் வசதி உண்டா?

கம்பெனியைப் பொறுத்தது. கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி கப்பல்களில் பெரும்பாலும் நாமே காசு கொடுத்து ஓட்டும் துவைக்கும் இயந்திரங்கள் இருக்கும். ராயல் கரீபியன், செலிப்ரிட்டி கப்பல்களில் அது கிடையாது. பையில் போட்டுக் கொடுத்தால் அவர்கள் துவைத்துத் தருவார்கள், கட்டணம் உண்டு. இரண்டையும் நம்பாமல் அறையிலேயே கையால் அலசிவிடலாம்.

வாஷ்பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, அறையிலுள்ள ஷாம்பூவை ஒரு சிறு கரண்டி அளவு விட்டு, துணியைப் பத்து நிமிடம் ஊற வைத்துக் கசக்குங்கள். இரண்டு முறை அலசுங்கள். அடுத்து வருவதைத்தான் பலரும் செய்வதில்லை: பெரிய குளியல் துண்டைத் தரையில் விரித்து, துணியை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவது மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, அதன்மேல் முழங்காலை ஊன்றி ஒரு நிமிடம் அழுத்துங்கள். கையால் பிழிந்தும் போகாத தண்ணீரைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உதறி, ஷவருக்குள் இழுத்துக் கட்டும் கொடியில் காயப்போடுங்கள். பெரும்பாலான கப்பல்களில் அந்தக் கொடி இருக்கிறது. பாலியஸ்டரும் நைலானும் விடிவதற்குள் காய்ந்துவிடும். பருத்தி டீ-சர்ட்டுக்கு ஒரு முழு நாள் வேண்டும். அதனால் பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு துணியையும் "இது ஒரு ராத்திரியில் காயுமா" என்று பார்த்து எடுங்கள்.

பால்கனியில் காயப்போடாதீர்கள். கப்பல் ஓடும்போது அடிக்கிற காற்று கிளிப்பையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். உப்பு ஈரக் காற்றில் சரியாகக் காய்வதுமில்லை.

கூடவே நாலைந்து காந்தக் கொக்கிகள் எடுத்துப் போங்கள். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. தொப்பி, ஈரத்துணி, கைப்பை எல்லாம் சுவரில் தொங்கும். சின்ன அறையில் தரை காலியாக இருக்கும்.

கேள்வி: பிளக் பாயின்ட் ஒன்றிரண்டுதான் இருக்குமாம். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுபோகலாமா?

கூடாது. குறிப்பாக, சர்ஜ் பாதுகாப்பு (திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுப்பது) உள்ள பாக்ஸ் எந்தக் கப்பலிலும் ஏறக்கூடாது. வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பியில்தான் மின்னழுத்தம், இன்னொன்று பூமியோடு இணைந்த நியூட்ரல். கப்பலில் பொதுவாக அப்படி இல்லை. கப்பலின் இரும்பு உடலோடு ஒப்பிட்டால் இரண்டு கம்பியிலுமே மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்கென்று செய்த பாக்ஸ், கோளாறு வந்தால் ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும். மற்றதில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் பாகம் சூடேறித் தீப்பிடிக்க அது போதும். நடுக்கடலில் அறைக்குள் தீ என்பது எவ்வளவு பயங்கரம் என்று நினைத்துப் பாருங்கள். ராயல் கரீபியன் சர்ஜ் இல்லாத பல பிளக் பாக்ஸையும் தடை செய்துவிட்டது.

அதற்குப் பதிலாக, வயர் இல்லாமல் சுவரிலேயே சொருகும் நாலு யூ.எஸ்.பி. துளை சார்ஜர் ஒன்று போதும். அமெரிக்க பிளக்கே பொருந்தும். பவர் பேங்க் எடுத்துப் போனால் விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அது சேமிக்கும் மின்சாரம் 100 வாட்-அவர் வரை இருந்தால் கேள்வி இல்லை. 20,000 எம்.ஏ.எச். என்பது சுமார் 74 வாட்-அவர்தான்.

தடை செய்த பொருள் ஸ்கேனில் தெரிந்தால் பெட்டி அறைக்கு வராது. பாதுகாப்பு அறைக்குப் போய், அவர்கள் முன்னால் திறந்து காட்டி, பொருளை ஒப்படைத்துவிட்டுத்தான் பெட்டியை வாங்க முடியும். முதல் நாள் சாயங்காலம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களையும் அழைத்துப் போகிறோம். சின்ன ரைஸ் குக்கர், கெட்டில், ஊதுபத்தி?

மூன்றையும் விட்டுவிடுங்கள். சமைக்க, தண்ணீர் சுட வைக்க, துணி தேய்க்க என்று சூடாக்கும் எந்தச் சாதனமும் கூடாது: குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி, துணிக்கு ஆவி பிடிக்கும் கருவி எல்லாமே. மெழுகுவத்தி, ஊதுபத்தி, கற்பூரம், விளக்கு கூடாது. சாமி படத்தை வைத்துக் கும்பிட ஒரு தடையும் இல்லை.

காலைக் காப்பிதான் அவர்களுக்குக் கவலை என்றால், சின்ன எவர்சில்வர் ஃபில்டரும் சீல் பிரிக்காத காப்பித்தூள் பாக்கெட் ஒன்றும் எடுத்து வையுங்கள். அதில் மின்சாரம் இல்லை, நெருப்பு இல்லை. பஃபே கூடத்தில் வெந்நீர் கிடைக்கும். ஒரு ஃபிளாஸ்க்கில் பிடித்துவந்து அறையிலேயே டிகாஷன் இறக்கிக்கொள்ளலாம். சூடான பால் வேண்டுமென்று கேட்டால் கொடுப்பார்கள்.

சாப்பாட்டில், வீட்டில் செய்த பலகாரத்தை அனுமதிப்பதில்லை. கம்பெனி சீல் உள்ள முறுக்கு, பிஸ்கட், ஊறுகாய் கொஞ்சம் சரி. மூட்டை கட்டத் தேவையில்லை. பெரிய கப்பல்களின் முக்கிய உணவுக்கூடத்தில் இந்திய சைவ உணவு கிடைக்கும். முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். மறுநாளிலிருந்து தனியாகச் செய்து வைப்பார்கள். பழம், சாப்பாடு எதையும் கப்பலிலிருந்து தீவுகளுக்குள் எடுத்துப் போகாதீர்கள். சுங்கத்தில் பிடிப்பார்கள்.

கேள்வி: ஃபார்மல் நைட்டுக்கு கோட் சூட் கட்டாயமா?

இல்லை. எல்லோரும் விசேஷமாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் இரவு அது. ஏழு இரவில் வழக்கமாக இரண்டு நாள் அப்படி வரும். முழுக்கால்சட்டை, காலர் வைத்த முழுக்கைச் சட்டை, அவ்வளவுதான் வேண்டும். பெண்களுக்குப் புடவையைவிடச் சிறந்த உடை இல்லை. மடித்தால் தட்டையாகப் போகும். கனமான பட்டுக்குப் பதில் சுருங்காத ஷிஃபான் அல்லது ஜார்ஜெட் எடுங்கள். இஸ்திரிப்பெட்டி இல்லாத இடத்தில் பருத்திப் புடவை கசங்கி நிற்கும். ஒரே புடவை, இரண்டு ரவிக்கை. இரண்டு இரவும் முடிந்தது. தங்க நகை வேண்டாம்.

கேள்வி: செருப்பு, ஷூ எத்தனை ஜோடி?

மூன்று, அதில் ஒன்று காலில். நடக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பெட்டிக்குள் ஒரு ரப்பர் செருப்பு, ஒரு மெல்லிய சாண்டல். ஜமைக்காவில் டன்ஸ் ரிவர் அருவியில் ஏறப்போகிறீர்கள் என்றால் வழுக்காத தண்ணீர் ஷூ வேண்டும். அது அங்கேயே வாடகைக்கும் கிடைக்கும்.

கேள்வி: கடற்கரைத் துண்டு, குடை?

துண்டு கப்பலே தரும். கணக்கு வைத்துத் தருவார்கள், தொலைத்தால் 20, 25 டாலர் பிடிப்பார்கள். குடை கடற்காற்றில் மடங்கிவிடும். உள்ளங்கையில் அடங்கும் மழைச்சட்டை எடுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், அப்போது கட்டாயம் வேண்டும்.

கேள்வி: சன்ஸ்கிரீன் எந்த வகை, எவ்வளவு?

இதில் சட்டமே இருக்கிறது. அமெரிக்க விர்ஜின் தீவுகளில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோக்ரைலீன் கலந்தவற்றை 2020-லேயே தடை செய்தார்கள். அரூபாவிலும் ஆக்ஸிபென்சோனுக்குத் தடை. பவளப் பாறைகளுக்குக் கேடு என்பதால். குழாயின் பின்பக்கம் "ஸிங்க் ஆக்ஸைடு" என்று மட்டும் இருப்பதை வாங்குங்கள்.

உடம்பு முழுக்க ஒரு தடவை பூச 30 மில்லி வேண்டும், இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூச வேண்டும். அப்படியானால் விமானக் கைப்பைக்குள் போகும் 100 மில்லி குழாய் ஒரே நாளில் தீர்ந்துவிடும். இதற்குத் தீர்வு இன்னும் நாலு குழாய் அல்ல. நீச்சலுக்கென்று உள்ள முழுக்கை மேல்சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் முகம், கழுத்து, கால் மட்டும்தான் மிச்சம்; செலவு பாதியாகும், முதுகும் வேகாது.

கேள்வி: பையனுக்கு ராணுவப் பச்சைப்புள்ளி அரைக்கால்சட்டைதான் பிடிக்கும். போட்டு அழைத்துப் போகலாமா?

வீட்டில் விடுங்கள். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, டிரினிடாட் போன்ற நாடுகளில் அந்த உடை ராணுவத்துக்கு மட்டும் உரியது. பொதுமக்கள் அணிவது குற்றம். குழந்தைக்கும் விலக்கு இல்லை. தொப்பி, பை எல்லாம் இதில் சேர்த்தி.

கேள்வி: டயப்பர் போடும் குழந்தை இருக்கிறது. நீச்சல் டயப்பர் நிறைய வேண்டுமா?

கப்பலுக்காக வாங்காதீர்கள். டயப்பர் பழக்கம் விடாத குழந்தைகளைப் பெரிய குளங்களில் நீச்சல் டயப்பருடன்கூட இறக்க விடமாட்டார்கள், சுகாதார விதி. சில கப்பல்களில் மட்டும் அவர்களுக்கென்று தனித் தண்ணீர் விளையாட்டு இடம் உண்டு. கடற்கரை நாட்களுக்கு நாலைந்து போதும். சாதாரண டயப்பரின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். கப்பல் கடையில் உங்கள் அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: மருந்து, பாஸ்போர்ட் எல்லாம் பெரிய பெட்டியில் இருந்தால் பரவாயில்லையா?

வேண்டவே வேண்டாம். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி அறைக்கு வர ராத்திரி எட்டு மணிகூட ஆகலாம். முதுகுப் பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, மூன்று நாள் கூடுதலாகச் சேர்த்து எல்லா மருந்தும் அதன் சொந்த அட்டையிலேயே, ஒரு நீச்சலுடை, சன்ஸ்கிரீன், சார்ஜர்.

கப்பல் ஆட்டத்தில் வரும் குமட்டலுக்கு மெக்லிசின் 25 மில்லிகிராம் மாத்திரை அமெரிக்க மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும். தலை சுற்றிய பிறகு அல்ல, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை இருக்கும் பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்திருக்கும் பெற்றோரின் அமெரிக்க விசாவை இன்றே எடுத்துப் பாருங்கள். பல முறை நுழையும் விசாவாகவும், திரும்பும் நாள்வரை செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் போய் வருவதால் திரும்பும்போது புதிதாகத்தான் நுழைகிறோம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் ஐ-797 என்ற அனுமதிக் கடிதம், மாணவர்கள் கல்லூரி தரும், பயணக் கையெழுத்துள்ள ஐ-20 படிவம், பச்சை அட்டைக்காரர்கள் அட்டையோடு பாஸ்போர்ட்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் விசா தேவையா என்று கப்பல் கம்பெனியிடம் முன்கூட்டியே கேளுங்கள். அமெரிக்கக் குடிமக்கள் இப்படிப்பட்ட பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காட்டி ஏறலாம். இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். கோசுமெலில் கப்பலைத் தவறவிட்டால் அது இல்லாமல் விமானம் ஏற முடியாது.

கேள்வி: கைப்பெட்டி மட்டும் என்றால் திரும்பும்போது என்ன லாபம்?

கடைசி ராத்திரி சுமார் பதினொரு மணிக்குள் பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் துறைமுகக் கொட்டகையில் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே நம்முடையதைத் தேட வேண்டும். தானே சுமந்து இறங்குபவர்களை முதலில் விடுவார்கள், அவர்களுக்கு இந்தத் தேடல் கிடையாது. அதற்குப் பெட்டியைப் படியில் நீங்களே தூக்க முடிய வேண்டும். லிஃப்டுக்கு அன்று பெரும் கூட்டம்.

பெற்றோருக்காக ஒரு பெட்டியையாவது வெளியே வைப்பதாக இருந்தால், மறுநாள் காலைக்கான முழு உடையும் செருப்பும் மருந்தும் கட்டில்மேல் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் பூட்டுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் யாராவது எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டு, இரவு உடையோடு கரையில் இறங்குகிறார்கள்.