அலைன்மென்ட் பார்த்தாச்சு, தாள் எங்கே?

கேள்வி: நான்கு டயரும் புதிதாகப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் மொட்டை. வெளிப்பக்கம் பட்டன் (டயரின் மேட்டுக் கட்டைகள்) அப்படியே இருக்கிறது. டயர் போட்ட அன்றே அலைன்மென்டுக்கும், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யவும், காசு வாங்கினார்கள். இப்போது கேட்டால் ‘நீங்க ஓட்டுற லட்சணம்’ என்கிறார்கள்.

பதில்: நீங்கள் ஓட்டுகிற லட்சணத்தில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. வளைவில் வேகமாகத் திருப்புகிறவர்களுக்குத் தேய்வது வெளி ஓரம். இரண்டு முன் டயரும் ஒரே மாதிரி உள்விளிம்பில் தேய்ந்தால், பெரும்பாலும் டோ, அதாவது சக்கரங்கள் முன்னோக்கி நிற்கிற கோணம், வெளியே போயிருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். முன்முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றால், கார் நேராகப் போகும்போதும் ஒவ்வொரு டயரும் தன் பக்கமாக வெளியே போகப் பார்க்கும், ரோட்டில் உரசிக்கொண்டே உருளும். இதற்குக் கண்ணில் படாத அளவு கோணல் போதும். உள்ளங்கையை டயரின் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பாருங்கள் (கம்பி வெளியே தெரிந்தால் கை வைக்காதீர்கள்). ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி தட்டுப்பட்டால் டோ தப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் ஒன்று உண்டு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட் என்பது அளவெடுக்கிற வேலை. சரிசெய்வதற்கு முன் இருந்த அளவு, செய்த பின் வந்த அளவு, அந்த மாடலுக்குக் கார் கம்பெனி கொடுத்திருக்கும் எல்லை, மூன்றையும் மெஷின் ஒரே தாளில் அச்சிட்டுத் தரும். கேட்டுப் பாருங்கள், ‘பிரிண்டரில் மை இல்லை’ என்பார்கள். நான் போன கடையில் எல்லாம் மை எப்போதும் தீர்ந்தே இருந்திருக்கிறது! தாள் தராவிட்டால் திரையையாவது போனில் படம் எடுங்கள். முக்கியமாக ‘முன்’ அளவு. அது இல்லாமல் ‘பின்’ அளவு மட்டும் பச்சையாக, அதாவது எல்லைக்குள், இருந்தால், கடைக்காரர் ஏதாவது செய்தாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் காரைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டி, டை ராட் (ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) முனை, பால் ஜாயின்ட், புஷ் ஆகிய இணைப்புகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கிற காருக்கு அலைன்மென்ட் பார்ப்பது வீண். முதல் பள்ளத்திலேயே அளவு மாறிவிடும். அளவெடுக்கும் கிளாம்பைச் சக்கரத்தில் மாட்டியதும் காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டச் சொல்லி மெஷினே கேட்கும் (கேமரா வகையில் இது உண்டு). ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிவிட்டுத்தான் டை ராடில் கை வைக்க வேண்டும். ஒரு பக்க டை ராடை மட்டும் திருகினால் டோ சரியாகிவிடும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். அதற்கும் சில மகான்கள் வழி வைத்திருக்கிறார்கள்: ஸ்டீயரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவது.

அடுத்தது, ‘காம்பர் அவுட் சார், தனி சார்ஜ்’. காம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். பல சிறிய கார்களில் முன்சக்கரக் காம்பரைத் திருத்தக் கம்பெனி எந்த ஏற்பாடும் வைத்திருக்காது. அப்படிப்பட்ட காரில் காம்பர் அளவு தப்பினால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது புஷ் போய்விட்டது. அதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். அதற்குப் பதிலாக ஜாக்கி மாதிரி ஒரு கருவியைக் கொடுத்து ஸ்ட்ரட்டை (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) நெட்டித் தள்ளி, திரையில் பச்சை வந்ததும் காசு கேட்கிறவர் உங்கள் காரின் இரும்பை வளைத்ததற்குக் காசு கேட்கிறார். எந்த போல்ட்டைத் திருகப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதையும் திருத்தாமல், வேறு கடையில் அளவு மட்டும் எடுத்துத் தாள் வாங்குங்கள். டயரைப் படம் எடுங்கள். இரண்டையும் பழைய பில்லோடு சேர்த்து முதல் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் டோ மாறும் என்று அவர்கள் வாதாடலாம், அது பொய்யில்லை. ஆனால் அன்றைய அளவுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களால் முடியாது. உங்கள் பிடி அதுதான்.

கேள்வி: 90ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தும் போகவில்லை.

பதில்: போகாது. பேலன்சிங் பாருங்கள், அதாவது சக்கரம் சுற்றும்போது ஒரு பக்கம் கனக்காதபடி ரிம்மில் சின்ன வெயிட் வைப்பது. ரிம்மின் உள்பக்கம் ஒட்டியிருந்த வெயிட் விழுந்து, பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: டயர் பக்கவாட்டில் அதிகபட்சம் 51 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று போட்டிருக்கிறது. மைலேஜுக்காக 45 வரை அடிக்கிறேன். தப்பா?

பதில்: தப்பு. அது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் காருக்கான அளவு இல்லை. உங்கள் காருக்கான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கும். தினம் திறந்து மூடுகிற கதவுதான், ஒரு முறை குனிந்து பார்த்தால் என்ன? அதிகக் காற்று அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிடிப்பு குறையும், ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இறங்கும். குறைவாக இருந்தால் இரு ஓரமும் தேயும், டயர் சூடேறும். வண்டி குளிர்ந்திருக்கும்போது, அதாவது மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு பாருங்கள். பேனா வடிவ கேஜ் மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிடாதீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது; ஒரே டயருக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் சொல்லும்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் டயர் இரண்டு மடங்கு உழைக்கும் என்கிறார்களே?

பதில்: நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2007இல் இதைச் சோதித்து எழுதியது. 31 வகை டயர்களை 30 பிஎஸ்ஐயில் நிரப்பி ஒரு வருடம் வைத்துப் பார்த்தார்கள். காற்று சராசரியாக 3.5 இறங்கியது, நைட்ரஜன் 2.2. இவ்வளவுதான் வித்தியாசம். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்டால் மாதம் ஒரு முறை காற்று பாருங்கள், அதே பலன்.

கேள்வி: பாதி விலை என்று இரண்டு டயர் வாங்கினேன். பக்கவாட்டில் 1419 என்று இருக்கிறது. பழையதா?

பதில்: 2019இன் 14ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் வைத்திருந்தாலும் இறுகும், வெடிப்பு விடும். நானும் ஒரு முறை தள்ளுபடி என்ற பலகையைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். பளபளவென்று பாலீஷ் போட்டு அடுக்கியிருந்தார்கள். தேதி அச்சாகியிருந்த பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டார்கள், காரைத் தூக்கினால்தான் தெரியும். தேதி நான்கு இலக்கமும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கடைக்காரர் ‘புதுசு’ என்று சொல்லி விற்றிருந்தால் நீங்கள் திருப்பிக் கேட்பது நியாயம். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள், பில்லில் டயரின் தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: டயரின் பக்கச் சுவரில் ஒரு முட்டைபோல வீங்கியிருக்கிறது. காற்று இறங்கவில்லை. அடுத்த மாதம் வரை ஓட்டலாமா?

பதில்: கூடாது. உள்ளே நூல் அறுந்திருக்கிறது. இன்றே ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

கேள்வி: கார் வாங்கி எட்டு வருடம், ஸ்டெப்னியைத் தொட்டதே இல்லை, புத்தம் புதிதாக இருக்கிறது. முன்னால் தேய்ந்த ஒரு டயருக்குப் பதிலாக அதைப் போட்டுவிடலாமா?

பதில்: எட்டு வருடத்து ரப்பர் எப்படிப் புத்தம் புதிதாகும்? காற்றாவது பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பஞ்சரான இடத்திலிருந்து கடை வரை போக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் காற்று அடித்த பிறகு. ஒரே அச்சில் ஒன்று புதிதும் ஒன்று மொட்டையுமாக ஓட்டாதீர்கள். மற்ற டயர்களில் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் அடையாளம், பட்டனோடு சமமாகிவிட்டதா என்றும் பாருங்கள். ஆகியிருந்தால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. இரண்டே புது டயர் போடுவதாக இருந்தால் பின்னால் போடுங்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளித்துவிடலாம்; பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

கேள்வி: அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை. ஆனாலும் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது.

பதில்: தாள் கேட்டு வாங்கியதற்கு முதலில் என் வணக்கம். மழைநீர் வடிய ரோடு ஓரத்துக்குச் சரிவாக இருக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் இழுப்பது இயல்பு. சமமான இடத்திலும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டிப் பாருங்கள் (ஒரே திசையில் ஓட வேண்டிய டயர் என்றால் வேண்டாம்). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரு ரிம்மின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஒரு ஆணி என்று போனேன். நான்கு ஓட்டை என்று சொல்லி நான்குக்கும் காசு வாங்கினார்கள். காரில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றதால் கேள்வி கேட்க முடியவில்லை.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை அம்மா. அவசரத்தில் நிற்கிறவர்களிடம்தான் இந்த வேலை நடக்கும், கூரான கம்பியால் குத்தி எண்ணிக்கையைக் கூட்டுவது. அடுத்த முறை ஆணியைப் பிடுங்கும் முன்பே டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, குமிழி வருகிற இடத்தைச் சாக்பீஸால் நீங்களே குறியுங்கள். குறியில்லாத இடத்துக்குக் காசு இல்லை. இப்போது போட்ட நான்கையும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டயரைக் கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் படுகிற பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டைக்குத்தான் ஒட்டு செல்லும். டயரின் தோளிலோ (சுவரோடு சேர்கிற ஓர வளைவு) பக்கச் சுவரிலோ ஒன்று இருந்தாலும், இரண்டு ஒட்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், அந்த டயரை வைத்து நெடுந்தூரம் போகாதீர்கள், மாற்றிவிடுங்கள்.