வாசகர் கேள்வி – பதில்: பின் விறாந்தையில் ஓர் அச்சுக்கூடம்

கேள்வி: ஐயா, நானும் தம்பியும் எங்கள் வீட்டின் பின் விறாந்தையில் ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்க எண்ணியுள்ளோம். ரீசேட், துணிப்பை, அழைப்பிதழ் என எதையும் அச்சிட்டுக் கொடுக்கலாம் என்கிறார் தம்பி. இதில் இலாபம் எங்கே இருக்கிறது? எதை முதலில் வாங்க வேண்டும்?
– வாசகி, மானிப்பாய்

பதில்: தம்பியின் ‘எதையும்’ என்ற சொல்லை ஓராண்டுக்குத் தள்ளி வையுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது சட்டத்தில் கட்டிய வலையின் திறந்த இடங்கள் வழியே மையை அழுத்திப் படத்தை இறக்குவது. துணிக்குச் சென்ரிமீற்றருக்கு 43 இழை கொண்ட வலை போதும். அட்டையில் சிறிய எழுத்து அடிப்பதற்கோ 120 இழை வரை நெருக்கமான வலை வேண்டும். மையும் வேறு, கைப்பக்குவமும் வேறு. துணியோடு தொடங்குங்கள். 2017 செப்ரெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனுக்குத் தடை வந்த பின், துணிப்பையும் நம்பத்தக்க வேலையாகிவிட்டது.

இலாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் ரீசேட்டில் மை படுவதற்கு முன்னரே உழைப்பின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது: படம் வரைந்து, நிறத்துக்கு ஒன்றாகப் பிலிம் எடுத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைக்கு எமல்சன் (ஒளி பட்ட இடத்தில் இறுகும் பசை) பூசி, இருட்டில் உலர்த்தி, பிலிமை வைத்து ஒளியூட்டிக் கழுவ வேண்டும். ஒரு நிறத்துக்கு இவையெல்லாம் 1,500 ரூபாய் என வைத்துக்கொண்டால், இரண்டு நிறப் படத்துக்கு 3,000 ரூபாய். பத்து ரீசேட் அடித்தால் ஒன்றின் தலையில் 300 ரூபாய் ஏறும். நூறு அடித்தால் வெறும் 30 ரூபாய். ஆகவே தயாரிப்புக் கூலியை விலைச்சீட்டில் தனி வரியாக எழுதுங்கள். 25க்குக் குறைந்த வேலையை ஏற்காதீர்கள். ‘எங்கட பிள்ளைதானே, ஆறு ரீசேட் அடிச்சுத் தா’ என்று வரும் சொந்தக்காரரிடம் இதைச் சொல்வதுதான் கடினம். ஆனால் சொல்லத்தான் வேண்டும். வாடிக்கையாளர் தாமே துணி கொண்டுவந்தால், பழுதாகும் இரண்டு மூன்றுக்கு யார் பொறுப்பு என்பதை முற்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கருவிகளில், பல நிறம் அடிக்கும் சுழல் மேசைக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். ஆடாத மரமேசையில் பிணைச்சல் பூட்டிச் சட்டத்தைப் பொருத்தினால் ஒரு நிற வேலைக்குப் போதும். மை அடித்த பின் வலை தானாக மேலெழும்படி, துணிக்கும் வலைக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். ஒளியூட்டும் பெட்டியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். யாழ்ப்பாணத்து வெயிலை நம்பி முற்றத்தில் ஒளியூட்டுவோர் உள்ளனர். ஒரு முகில் கடந்தால் அந்த வலை வீண். ஐப்பசி, கார்த்திகை மழையில் எமல்சன் உலரவும் நேரமெடுக்கும். ஈரம் இருக்க ஒளியூட்டினால், கழுவும்போது படமும் சேர்ந்தே கரைந்து போகும். தை, மாசியில் வரும் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான வேலையை அந்த மழைக்குள்ளேயே பேசி முடிக்க வேண்டியிருப்பதால், மாதிரிக்கு அடிக்கும் வலைகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள்.

அடித்த மை துணியைப் பிடிக்கும்படி சூடேற்றுவதில் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள். தொடக்க காலத்தில் ஒரு கழகத்துக்கு 60 கறுப்பு ரீசேட்டில் வெள்ளை எழுத்து அடித்தேன். கையால் தொட்டுப் பார்க்க மை உலர்ந்தே இருந்தது, மடித்துக் கொடுத்துவிட்டேன். முதல் சலவையிலேயே எழுத்துகள் வெடித்துச் செதில் செதிலாக உரிந்தன. பிளாஸ்ரிசோல் எனும் பிளாஸ்ரிக் கலந்த மை, அதன் முழுத் தடிப்பும் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸை எட்டினால்தான் துணியைப் பிடிக்கும் என்பதை அறுபதையும் என் செலவில் மீண்டும் அடித்த பின்பே மனத்தில் இருத்தினேன். இன்றும் ஒவ்வொரு வேலையிலும் முதலில் அடித்ததைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, இழுத்துப் பார்க்காமல் மற்றவற்றைத் தொடுவதில்லை.

ஒன்றை மறவாதீர்கள்: நம் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது கிணற்றைச் சென்றடைய நெடுநாள் ஆகாது. டைகுரோமேற் கலந்து ஒளியுணர்வு ஊட்டும் மலிவான எமல்சன் நஞ்சுடையது. அதை வாங்காதீர்கள், மீந்த மையையும் கரைப்பானையும் கிணற்றடியில் கழுவாதீர்கள்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்துகொள்ளுங்கள். பாடசாலைகள் முறையான பற்றுச்சீட்டுக் கேட்கும்.

கேள்வி: எங்கள் கழகத்தின் 15 பொலியெஸ்ரர் ஜேர்சிகளில் வீரர் பெயரும் இலக்கமும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடிக்கலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: அடிக்கலாம், ஆனால் நட்டம் உங்களுக்குத்தான். ஒவ்வொரு பெயருக்கும் தனி வலை வேண்டும். அதோடு, சூடேற்றும்போது பொலியெஸ்ரரின் சாயம் மேலெழுந்து வெள்ளை மையில் ஊறும். சிவப்பு ஜேர்சியில் வெள்ளை இலக்கம் ரோசா நிறமாகும். துணி வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருந்தால் சப்ளிமேஷன் முறையில் (சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றுவது) அடிப்பவரிடம் கொடுங்கள். கடும் நிறத் துணியென்றால் பெயரையும் இலக்கத்தையும் வெட்டிச் சூட்டில் ஒட்டுபவரிடம் கொடுங்கள்.