‘பேங்க்’ எங்கே வங்கி, எங்கே கரை, எங்கே பார்?

கேள்வி: ஐயா, பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். நம்ம பகுதியைப் பற்றிய பழைய ஆங்கிலக் குறிப்புகள் சிலவற்றைத் தமிழில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அதில் ‘பேங்க்’ என்ற ஒரே சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. பாளையங்கோட்டை தாமிரபரணி ஆற்றின் ‘வலது பேங்க்’கில் இருக்கிறது என்று வருகிறது. தூத்துக்குடிக் கடலில் ‘பேர்ல் பேங்க்’ என்று வருகிறது. இரவில் அடுப்பை ‘பேங்க்’ செய்தார்கள் என்றும் வருகிறது. செல்போனில் போட்டுப் பார்த்தால் ‘முத்து வங்கி’ என்கிறது. இதெல்லாம் ஒரே சொல்தானா? எதை வைத்துப் பிரிப்பது?

பதில்: முதலில் அந்த ‘முத்து வங்கி’யை அடித்துவிடுங்கள் அம்மா. அந்த இடத்துக்கான சொல் தூத்துக்குடிக் கடற்கரையில் காலங்காலமாகப் புழங்குகிறது: பார். முத்துப்பார் என்று எழுதுங்கள், போதும்.

பார் என்பது கடலுக்கு அடியில் மேடாக இருக்கும் பாறைத் திட்டு. மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து சில மைல் தள்ளி, ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இவை கிடக்கின்றன. முத்துச்சிப்பி மணலில் ஒட்டி நிற்காது. நார் போன்ற இழைகளை விட்டு இந்தப் பாறையைப் பிடித்துக்கொண்டுதான் வளரும். அதனால்தான் முத்துக்குளிப்புக்குப் போனவர்களுக்குக் கடல் முழுவதும் ஒன்றாக இல்லை. ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் இருந்தது. தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் மீன்பிடிக்கப் போகிறவர்கள் இன்றும் பார் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. இதே சொல் வயலிலும் இருக்கிறது. மிளகாய்க்கும் பருத்திக்கும் பார் பிடித்து நடுகிறோம் அல்லவா? மண்ணை நீளமாக மேடு கட்டினால் பார், அதன் பக்கத்துப் பள்ளம் சால். கடலடிப் பாறை மேட்டுக்கும் வயலில் கட்டிய மண் மேட்டுக்கும் தமிழில் ஒரே பெயர். ஆங்கில ‘பேங்க்’கின் பழைய பொருளும் இந்த மேடுதான். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் இரண்டு வாசல் வழியாக வந்தது. வடகடலைத் தாண்டி வந்து குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பேச்சிலிருந்து, 1200ஐ ஒட்டி வந்தது மண்மேடு, ஆற்றங்கரை என்ற பொருள். பணம் போடும் ‘பேங்க்’ அதற்கு வெகு பின்னால், 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. இத்தாலியில் காசு மாற்றிக் கொடுப்பவர் முன்னால் ஒரு நீளப் பலகை இருக்கும். அதற்கு ‘பாங்கா’ என்று பெயர். பலகை தொழிலுக்குப் பெயரானது, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கும் போனது. திவாலாவதைச் சொல்லும் ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல்லுக்கும் அடியில் இருப்பது ‘உடைந்த பலகை’ என்ற இத்தாலியத் தொடர்தான்.

மேடும் பலகையும் ஆதியில் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து பிரிந்தவை. நாம் உட்காரும் பெஞ்ச் அதே வேரில் வந்த உடன்பிறப்பு. நம்ம ஊர் வழக்குகள் போகும் மதுரை உயர் நீதிமன்றக் கிளையை ‘மதுரை பெஞ்ச்’ என்கிறோமே, அதுவும் இந்தப் பலகைதான். எனக்கு இது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

சரி, ‘வலது பேங்க்’குக்கு வருவோம். வலக்கரை என்று எழுதலாம், ஆனால் எது வலது என்பதில் கவனம் வேண்டும். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றுதான் இடம் வலம் சொல்ல வேண்டும். 1843இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தில், ஆறு வரும் பக்கம் இருக்கும் குறுக்குத்துறைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடது கைப்பக்கம் திருநெல்வேலி, வலது கைப்பக்கம் பாளையங்கோட்டை. உங்கள் குறிப்பு சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் ஸ்ரீவைகுண்டம் அணையில் பிரியும் கால்வாய்களைப் பற்றி ‘இடது பேங்க்’, ‘வலது பேங்க்’ என்று எங்காவது வந்தால் அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். விவசாயிகளுக்கு அவை வடகால், தென்கால். அந்தப் பெயரைப் போட்டால்தான் படிப்பவருக்கு இடம் தெரியும்.

மற்றவை எளிது. ரத்த வங்கியில் வங்கி பொருந்தும், ஏனென்றால் போட்டுவைத்துத் தேவைப்படும்போது எடுப்பது என்ற பொருளில்தான் 1937இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் அந்தப் பெயரை வைத்தார்கள். விமானம் ‘பேங்க்’ ஆனது என்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. ஒருவரை ‘பேங்க் ஆன்’ செய்வது என்றால் அவரை நம்பியிருப்பது. எதில் தடுமாறினாலும், இங்கே மேடு இருக்கிறதா, பணமோ பொருளோ சேர்த்துவைக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அடுப்பு வாக்கியத்திலும் மேடுதான். விறகடுப்புக் காலத்தில் எங்கள் ஆச்சி ராத்திரிச் சமையல் முடிந்ததும் எரிகிற கட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளிப்பாள். மிஞ்சிய கங்குகளை அடுப்பின் மூலையில் ஒதுக்கி, மேலே சாம்பலைக் குவித்துவிடுவாள். காலையில் சாம்பலை விலக்கி இரண்டு சிராய் வைத்து ஊதினால் பற்றிக்கொள்ளும், தீப்பெட்டி வேண்டாம். அந்தச் சாம்பல் குவியலைத்தான் ஆங்கிலக்காரர் ‘பேங்க்’ என்கிறார். ‘கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்தார்கள்’ என்று எழுதுங்கள். ஒருமையில் ‘கங்கை’ என்று போட்டால் அச்சில் ஆறு என்று படித்துவிடுவார்கள்.