பாலிகார்பனேட்டில் அக்ரிலிக்கைக் கலந்தால் கீறல் விழாத ஹெல்மெட் கண்ணாடி கிடைக்குமா?

கலக்கலாம், ஆனால் நீங்கள் நினைப்பது வராது. நானே செய்து கையைச் சுட்டுக்கொண்டவன்.

நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன மோல்டிங் பட்டறையில் இருந்தபோது எனக்கும் இதே யோசனைதான். ஹெல்மெட் கண்ணாடிக்குப் போடும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, ஆனால் மிருதுவான பி பென்சிலே அதில் கோடு போட்டுவிடும். அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கோடு விழ 2எச், 3எச் மாதிரிக் கடினமான பென்சில் வேண்டும், ஆனால் கீழே போட்டால் விரிசல். இரண்டுமே தண்ணீர் மாதிரித் தெளிவு, அப்போ எண்பதுக்கு இருபது கலந்தால் என்ன என்று தானாவை, அதாவது பிளாஸ்டிக் குருணையை, காயவைத்துக் கலந்து மோல்டில் அடித்தோம். வெளியே வந்ததைப் பார்த்து முதலாளி கேட்டது: "என்ன மக்கா இது, நொங்குச் சுளை மாதிரி இருக்கு?"

உருகினாலும் இரண்டும் ஒன்றில் ஒன்று கரையாது. ஒன்றுக்குள் மற்றது பொடித் துளிகளாக நிற்கும். வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் பாலிகார்பனேட்டுக்கு 1.58, அக்ரிலிக்குக்கு 1.49. ஒவ்வொரு துளியின் விளிம்பிலும் வெளிச்சம் சிதறினால் வெள்ளையாகத்தானே தெரியும்? போதாக்குறைக்கு, பாலிகார்பனேட்டுக்குத் தேவையான 280, 300 டிகிரிச் சூட்டில் அக்ரிலிக் சிதைந்து வாயு விடும், அதனால் குமிழி வேறு.

தெளிவாகக் கலக்க வழி இருக்கிறது. சாதா அக்ரிலிக்குக்குப் பதிலாக ஃபீனைல் மெத்தாக்ரிலேட் என்ற பொருளையும் சங்கிலியிலேயே கோர்த்துச் செய்த அக்ரிலிக் (கோபாலிமர்) போடுவார்கள். அது ஒளிவிலகல் எண்ணையும் உயர்த்தும், பாலிகார்பனேட்டோடும் ஒத்துப்போகும். ஆனாலும் கடினம் ஏறுவது பென்சில் கணக்கில் சில படிதான், உடையாத குணத்திலும் கொஞ்சம் போய்விடும். தானாவைக் கையால் கலக்கிற பட்டறைக்குச் சரிவராத வேலை.

ஹெல்மெட்டுக்கு என்றால் மேலே சிலிக்கோன் ஹார்ட் கோட்டிங் (கீறல் தாங்கும் கடினப் பூச்சு) போட்டதை வாங்குங்கள். தட்டை ஷீட் என்றால், பாலிகார்பனேட் மேல் மெல்லிய அக்ரிலிக் தோலை உருகின நிலையிலேயே சேர்த்து இழுத்த ஷீட் கிடைக்கும்; கலப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்று, நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட், சிர்கான் மாதிரிக் கடினமான கனிமங்கள் எல்லாம் உண்டு. அது நிஜக் கண்ணாடியையே கீறும், கோட்டிங் எம்மாத்திரம். முட்டம் பக்கம் வண்டி ஓட்டிவிட்டு வந்து ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள். தின்னர், பெட்ரோல் பக்கமே போகக் கூடாது, பாலிகார்பனேட்டில் விரிசல் விழுந்துவிடும்.

அந்த நொங்குத் துண்டு இன்னும் என் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்கக் கிடக்கிறது.