பீலியை யார் பார்த்துக்கொள்வது?

அன்புள்ள அண்ணன்,

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நண்பர்கள் பதினொரு பேர் சேர்ந்து தொண்டர் குழு ஒன்று தொடங்கியிருக்கிறோம். குறைந்த மின்சாரத்தில், தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஊராக எங்கள் தோட்டத்தை மாற்ற ஆசை. ஓடையில் சிறிய நீர்மின் நிலையம், வீட்டுத் தோட்டம், கூட்டெரு, மின்சாரச் சிக்கனம் பற்றி விழிப்புணர்வு முகாம் என்று திட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் சர்வோதய இயக்கம் போல, கூலி வாங்காமல் உழைக்கும் சிரமதானமாகவே செய்ய நினைக்கிறோம். வட்ஸ்அப் குழுவில் 140 பேர். போன ஞாயிறு வந்தது 9 பேர். யாப்பு (சங்க விதிகள்) எழுதி, பதவிகள் பிரித்து, முறையாகப் பதிந்தால் ஆட்கள் நிலைப்பார்களா?

க.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒரு சாவுக்காகத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். திரும்பும் வழியில், ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற பழைய பீலிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றிலிருந்து அதே நினைப்புத்தான். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். மின்சாரச் சிக்கனம் பற்றி யாருக்கு முகாம் நடத்தப் போகிறீர்கள்? நம் மலையிலேதான், லக்சபானவில், 1950இல் நீர்மின்சாரம் எடுத்தார்கள். அப்புறம் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை என்று அணை கட்டினார்கள். தேயிலை மலைகளும் பழைய மஸ்கெலியாவும் தண்ணீருக்குள் போயின. வற்றும் காலத்தில் அங்கே மூழ்கிய கோயில் தலைகாட்டும், பார்த்திருப்பீர்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் முதல் பல்பு எரிந்தது 1994இல். அதுவரை குப்பி விளக்கு. இன்றைக்கும் ஒரு காம்பராவில், அதாவது ஒரு குடும்பத்து அறையில், இரண்டு பல்பு, ஒரு டீவி, ஒரு போன் சார்ஜர். அடுப்புக்கு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தலையில் சுமந்துவந்த மிலாறுக் குச்சி. 2022இல் காஸ் இல்லாமல் கொழும்பு திண்டாடியபோது எங்கள் அம்மா கேட்டார், "காஸ் இல்லாட்டி சமைக்க முடியாதா?" இந்தச் சனத்துக்குத் திரை கட்டிப் படம் போட்டுச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? முகாமைக் கொழும்பில் வையுங்கள், நானும் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். இங்கே வேண்டுமானால் புகை குறைவான அடுப்பு பற்றிப் பேசுங்கள். ஒரே தீயில் இரண்டு பானை வைக்கிற அனகி களிமண் அடுப்பு இந்த நாட்டில்தான் செய்கிறார்கள். அதைப் பற்றிச் சொன்னால் அம்மாமார் வந்து கேட்பார்கள்.

வீட்டுத் தோட்டம், கூட்டெரு: நல்லது, செய்யுங்கள். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி லீக்ஸ் போடத் தெரியாத ஆள் நம்மிடம் இல்லை. அதற்கு ஒரு குழு எதற்கு?

சரி, சிரமதானம். 1958இல் சர்வோதயத்தைத் தொடங்கிய ஆரியரத்ன தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனதொலுவ கிராமத்துக்குப் போனார். பெரிய காரியம், மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆறு நாள் மலையில் நின்று 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து நிறுத்துப் பேர் (நாட்கூலிக் கணக்கு) வாங்கிய பெண்ணுக்கு உடுப்புக் கழுவவும், விறகு பொறுக்கவும், பிள்ளைக்குப் பேன் பார்க்கவும் இருக்கிற ஒரே நாள் அது. அந்த நாளையும் நீங்கள் கேட்கிறீர்கள். மண்வெட்டி பிடித்த பையன்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போவதும் அவள்தான். வராத 131 பேரில் அவள் இருந்தால் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது பீலிக்கு வருகிறேன்.

எங்கள் மேட்டு லயத்தில் 24 காம்பரா. எல்லாருக்கும் ஒரே பீலி. மேலே பாறை இடுக்கில் ஊற்று. அங்கிருந்து வாய்க்கால், கடைசியில் ஓர் இரும்புத் தகடு. வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால், விடியாத இருட்டில், குடமும் வாளியும் வரிசையாக நிற்கும். அந்தத் தண்ணீர் நின்றதாக எனக்கு நினைவில்லை. காரணம் ஒரு கிழவர். பேர் பதிந்து வேலை செய்கிற வயது தாண்டியவர். பீலித் தாத்தா என்போம். தினமும் ஒரு முறை ஊற்றுக்கு ஏறிப்போவார். சருகை அள்ளுவார், நண்டு தோண்டிய ஓட்டையை மண்ணும் புல்லும் வைத்து அடைப்பார், அட்டை கடித்த காலோடு இறங்கி வருவார். சம்பளத்தன்று ஒவ்வொரு வீடும் அவருக்கு ஒரு சுண்டு அரிசி அளக்கும். தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு வேட்டி. கொடுக்காத வீட்டுப் பெண்ணைப் பீலிக்கரையிலேயே மற்றப் பெண்கள் ஒரு பிடி பிடிப்பார்கள். இதற்கு யாப்பும் இல்லை, செயலாளரும் இல்லை. அவரைத் தொண்டர் என்று யாராவது சொல்லியிருந்தால், "அப்ப அரிசி இல்லையா?" என்று கேட்டிருப்பார்.

அவர் செத்துப் பல வருசம் கழித்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. சிமெந்துத் தாங்கி, பிவிசி குழாய், பெயர்ப் பலகை, திறப்பு விழா. கட்டும்போது எல்லாரும்தான் வேலை செய்தோம், நானும் கல் சுமந்தேன். போட்டோவில் இருக்கிறேன். இரண்டு வருசத்தில் வால்வு பழுதாயிற்று. சாவி வைத்திருந்த பையன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். தாங்கிக்குள் சருகு. போன வாரம் பார்த்தபோது அந்தப் பலகையில் யாரோ சீலை காயப் போட்டிருந்தார்கள்.

உங்கள் நீர்மின் நிலையமும் இதே கதைதான், தம்பி. விநாடிக்கு 10 லீட்டர் தண்ணீர் 20 மீட்டர் விழுந்தால், சேதாரம் போக, கையில் கிடைப்பது ஏறக்குறைய 1 கிலோவாட். ஒரு லயத்துக்கு பல்பு எரிய அது போதும். சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு வீட்டில் ரைஸ் குக்கர் போட்டால் அடுத்த வீட்டு பல்பு மங்கும். அந்தச் சண்டையை யார் தீர்ப்பது? மழைக்காலத்தில் வாய்க்கால் வாயில் சருகு அடைத்துக்கொண்டால் நடுச்சாமத்தில் டோர்ச் எடுத்துக்கொண்டு யார் ஏறுவது? இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் கிராமத்துச் சனங்கள் சங்கம் வைத்து இப்படி நிறைய நிலையங்களை நடத்தினார்கள். பெரிய லைன் கரண்ட் வந்ததும் பலவற்றைக் கைவிட்டார்கள். நம் தோட்டங்களின் ஸ்டோர்களிலும், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளிலும், ஒரு காலத்தில் சொந்த டர்பைன் ஓடியது. உங்கள் ஸ்டோருக்குப் பின்னாலும் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும், போய்ப் பாருங்கள். தோண்டுவதற்கு எந்தக் காலத்திலும் ஆள் கிடைக்கும். மூன்றாவது வருசம் சருகு அள்ளுகிறவருக்கு மாதம் என்ன கொடுப்பீர்கள், அதை எந்த வீடு எவ்வளவு தரும் என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள். பேச முடியாவிட்டால் மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

ஓடை ஓடுகிற நிலம் கம்பனியின் குத்தகையில் இருக்கும். அதைத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும்.

யாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். உங்கள் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் இருக்கும். அதன் பொருளாளரிடம் கொப்பியை இரவல் வாங்குங்கள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு, மூன்று மாதம் கட்டாதவர் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்தார்கள், வாடகைக் கதிரைக்கு யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கும். கூடவே இன்னொன்றும் விசாரித்து எழுதுங்கள்: உங்கள் லயத்துக்குத் தண்ணீர் வருகிற இடத்தில் இப்போது சருகு அள்ளுவது யார்?

அன்புடன்,
அண்ணன்